மடித்தவனுக்கு ஒரு பாட்டில்

பையைக் காலால் தள்ளிவிடாதீர்கள், அண்ணாச்சி. உள்ளே பாட்டில் இருக்கிறது. அட, நீங்கள் நினைக்கிற பாட்டில் இல்லை. நன்னாரி சர்பத். நாசரேத்துப் பக்கம் ஒரு ஆளுக்குக் கொண்டுபோகிறேன். வேண்டியவரா என்று கேட்கிறீர்களா? இந்தப் பூமியில் எனக்கு ஆகவே ஆகாத ஒருவன் உண்டென்றால் அது அவன்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள். காரணம் இருக்கிறது. அவனிடம் என் பெண்டாட்டி கைப்பட எழுதின சீட்டுகள் முப்பத்தெட்டு இருக்கின்றன. போன ஐப்பசியில் செத்துப்போனாளே, அந்தப் பெண்டாட்டி. வேறு பெண்டாட்டி எனக்கு இல்லை. இந்தப் பாட்டிலை நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்து, எதற்குக் கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னால்தான் அந்தச் சீட்டுகளைத் தருவானாம். பாட்டில் வாங்கிவிட்டேன். பெரிய பாட்டிலாகவே வாங்கிவிட்டேன். வார்த்தைதான் வரவில்லை. காலையிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். நிறுத்தம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் வந்துவிட வேண்டும்.

நான் பார்த்த வேலை? குதிக்கிற வேலை. விமானத்திலிருந்து. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும், இந்த வயதில் பஸ்ஸில் வந்து பொய் சொல்வேனா? பட்டாளத்தில் பாராசூட் பிரிவு. பதினான்கு வருஷம். முந்நூற்றுப் பன்னிரண்டு குதி. இந்த இடது முட்டு மடங்காது, பாருங்கள். அது இருநூற்று ஆறாவது குதி.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் போன வருஷம் துபாய்க்குப் போய்க் குதித்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரனின் வயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். குதிப்பதும் அவன், திறப்பதும் அவன், இறக்குவதும் அவன். இவர் பல்லைக் காட்டினால் போதும். அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு, தைலம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். என்னிடமும் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? இடுப்பில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை நடந்துபோனதாக ஆகுமா? ஆனால் தெருவில் அவரைத்தான் 'வானத்துல குதிச்ச சார்' என்கிறார்கள். என்னை ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெரியவர் என்கிறார்கள். எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது சாமான் எல்லாம் வேறே. குடை நீளச் சதுரமாக இருக்கிறது, இறக்கை மாதிரி. இழுத்த பக்கம் போகும், நின்ற இடத்தில் பூப்போல வைக்கும். ஆள் மயங்கிப்போனாலும் தானாகத் திறந்துவிட ஒரு சின்னப் பெட்டி. எங்கள் காலத்தில் அதெல்லாம் ஏது? வட்டக் குடை. இருபத்தெட்டுக் கயிறு. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அதுதான் ஊர். மாடியிலிருந்து கீழே குதித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் தரை வந்து அடிக்கும். முதுகில் பெரிய குடை. அது திறக்காவிட்டால் வயிற்றில் சின்னக் குடை, அதற்கு ரிசர்வ் என்று பேர். குதித்ததும் எண்ண வேண்டும். ஏக் ஹஜார், தோ ஹஜார், தீன் ஹஜார் என்று இந்தியில் மூன்று வரை. எண்ணி முடித்தும் தோளில் இழுப்பு வராவிட்டால் ரிசர்வைத் திறக்க வேண்டும். அதுவும் சும்மா திறக்காது. கைப்பிடியை இழுத்துவிட்டு, துணியைக் கையாலேயே அள்ளி வெளியே வீச வேண்டும். சாம்பல் கொட்டுகிற மாதிரி. சுற்றுகிற பக்கம் பார்த்து வீச வேண்டும். இல்லாவிட்டால் பெரிய குடையிலேயே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

பெரிய குடையை அவனவனே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை அப்படி மடிக்க முடியாது. அதற்குத் தனியாகப் படிப்பு, தனியாகப் பரீட்சை. தேறினவனுக்கு ஒரு இடுக்கி கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரிசர்வைப் பிரித்து, காயப்போட்டு, மறுபடி மடித்து, நூல் கட்டி, அந்த நூலில் ஈயத்தை வைத்து இடுக்கியால் அழுத்தினால் மடித்தவனின் நம்பர் அதில் விழும். கூடவே ஒரு அட்டை, அதில் அவன் கையெழுத்து. யார் உயிர் யார் கைக்குள் என்பதில் சந்தேகமே வராது.

எங்கள் குழுவில் அந்த இடுக்கி ஞானாபரணத்திடம் இருந்தது. இவன்தான், இப்போது நான் பார்க்கப்போகிறவன். இரண்டு பேரும் ஒரே ஜில்லா, ஒரே வருஷம் சேர்ந்தோம். வடக்கே அவ்வளவு தூரத்தில் தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான். பரீட்சையையும் சேர்ந்துதான் எழுதினோம். மடிக்கும்போது துணி நழுவாமல் இருக்கக் ஈயக் குண்டு நிரப்பின சின்னப் பைகளை மேலே வைப்போம், எட்டுப் பை. மடித்து முடித்ததும் எட்டும் மேஜைமேல் இருக்க வேண்டும். பரீட்சைக்காரர் என் மேஜைக்கு வந்து எண்ணினார். ஏழு. எட்டாவது எங்கே என்றார். ரிசர்வுக்குள்ளே இருந்தது. அந்த மனுஷர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார் அண்ணாச்சி, அதனால்தான். ஞானாபரணம் ஜன்னல் பக்கம் மேஜை வாங்கிக்கொண்டான். வெளிச்சத்தில் உட்கார்ந்தால் யார்தான் தேறமாட்டார்கள்?

எங்கள் குழுவில் ஒரு பழக்கம். ரிசர்வ் திறந்து உயிரோடு வந்தவன், அதை மடித்தவனுக்கு ஒரு பாட்டில் ரம் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்கமாட்டார்கள். கொடுக்காமலும் இருக்கமாட்டார்கள். அட்டையில் கையெழுத்துப் போட்டவனின் முன்னால் பாட்டிலை வைத்து, 'உன் கைக்கு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஞானாபரணம் வேதக்கோயில்காரன், குடிக்கமாட்டான். அவனுக்கு நான்கு பாட்டில் வந்தது. நான்கையும் கூடாரத்தில் வைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வந்த ரம்மை நான் குடித்திருக்கிறேன். நன்றாகவே இருக்காது.

எழுபத்தொன்பது பிப்ரவரி பதினொன்று. குடும்பங்களையெல்லாம் அழைத்து வந்து மைதானத்தில் உட்காரவைத்துக் குதித்துக் காட்டுகிற நாள். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். செண்பகவடிவு குவார்ட்டர்ஸுக்கு வந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. இந்தி தெரியாது, குளிர் தாங்காது. அவளுக்கு எல்லாம் நான்தான். அந்தக் காட்சியில் ஒருவன் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு வருவான். அந்த வேலை எனக்கு. இரண்டு வாரமாகப் பழகியிருந்தேன். முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்.

"மேல இருந்து எறும்பு மாதிரிதான் தெரியும். எல்லாம் ஒண்ணுபோல இருக்கும். கொடியோட வாரவன் யாரோ, அவன்தான் நான். அவனையே பாரு."

"கண்ணை எடுக்க மாட்டேன்" என்றாள்.

காலையில் மேஜர் வந்தார். காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, கொடியை ஞானாபரணம் கட்டிக்கொள்ளட்டும் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. என் குதி சுத்தமில்லை என்று எவனாவது சொல்லியிருப்பான். எவன் என்று நான் சொல்லமாட்டேன். பெண்கள் எல்லாம் மைதானத்துக்கு அந்தப்பக்கம். போய்ச் சொல்ல நேரம் இல்லை.

அப்போது நான் என் பெரிய குடையை மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே அவனுக்குக் காலில் கொடி கட்டுகிறார்கள், ஒருவன் படம் பிடிக்கிறான். அவன் என்னைப் பார்த்து, "வே பலவேசம், நானா கேக்கலைவே, அவராத்தான் குடுத்தாரு" என்றான். கேட்காமல் கிடைத்ததாம். எனக்குக் கேட்டும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அவனைப் பார்த்துக்கொண்டே மடித்தேன். கை தானாக மடித்தது. கைதானே மடிக்கிறது, கண்ணுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

அண்ணாச்சி, இருபத்தெட்டுக் கயிற்றில் ஒரு கயிறு. குதித்தேன், எண்ணினேன், தோளில் இழுப்பு வந்தது. திறந்தது. திறந்த குடையின் தலைக்கு மேலே ஒரு கயிறு போய் விழுந்து நடுவில் இறுக்கிவிட்டது. வட்டமாக விரிய வேண்டியது இரண்டு பூசணிக்காய் மாதிரி பிரிந்து நின்றது. நான் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு கீழே போகிறேன். அப்போதும் என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? மேலே ஒருவன் கொடியோடு நிதானமாக வருகிறான், கீழே என் பெண்டாட்டி அவனைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அதுதான் ஓடியது. சாவைப் பற்றி நினைக்கவே இல்லை.

அப்புறம் கை போய் ரிசர்வ் கைப்பிடியை இழுத்தது. அள்ளினேன், சுற்றுகிற பக்கம் வீசினேன். வெள்ளைத் துணி கையைவிட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று, ஒரு மடிப்புகூடச் சிக்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இப்போதும் சொல்ல முடியாது எனக்கு. மைதானத்துக்கு வெளியே, சமையல்கூடத்துக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளின்மேல் போய் விழுந்தேன். செண்பகவடிவு ஒரு கால் செருப்போடு ஓடி வந்தாள். வந்து என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான்.

அன்று சாயங்காலம் கூடாரத்தில் எல்லோரும் ஞானாபரணத்தின் முதுகில் தட்டுகிறார்கள். என்னைப் பார்த்து, "பாட்டில் எங்கே, பாட்டில் எங்கே" என்று கூச்சல். நான் ரம் வாங்கி வைத்திருந்தேன், அண்ணாச்சி. சத்தியமாக. எடுக்கப்போன நேரத்தில் அவன் சொன்னான்.

"எனக்கு எதுக்கு ரம்? ஊருக்குப் போனா ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் வாங்கியாரும்வே, போதும்."

போதாததற்கு எல்லோருக்கும் இந்தியில் விளக்கமும் சொன்னான். கூடாரமே சிரித்தது. மற்றவன் உயிருக்கு ரம், என் உயிருக்கு சர்பத். என் விலை அவ்வளவுதானா? எடுக்கப்போன பாட்டிலை எடுக்கவே இல்லை. சர்பத்தும் வாங்கிக் கொடுக்கவில்லை.

வீட்டில் செண்பகவடிவு கேட்டாள். "அந்தச் சின்னக் குடை இல்லைன்னா என்ன ஆயிருக்கும்? அதை யாரு மடிச்சா?"

நான் மடித்தது என்றேன்.

ஆமாம், பொய்தான். நீங்களே சொல்லுங்கள். அவள் கண் முழுக்க அவன்மேல் இருந்திருக்கிறது. என் உயிரும் அவன் கையால்தான் வந்தது என்றால், எனக்கு என்ன மிச்சம்? அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எண்பத்துநான்கில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தோம். இங்கே யாருக்கு என்ன தெரியும்? சம்பந்தி வீட்டில், சடங்கு வீட்டில், பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில், எங்கே நான்கு பேர் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்வேன். 'நானே மடிச்ச ரிசர்வ், நானே வீசுனேன்.' ஞானாபரணம் நாற்பது கிலோமீட்டரில்தான் இருந்தான். ஒரு நாள் போனது கிடையாது. அவன் கடிதம் போட்டான், பதில் போடவில்லை. அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை.

வருஷா வருஷம் தை கடைசியில் செண்பகவடிவு மட்டும் ஒரு நாள் வெளியே போவாள். ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற அக்காள் வீட்டுக்கு என்று சொல்வாள். "ஒரு நேர்ச்சை இருக்கு, போயிட்டு வந்திருதேன்" என்பாள். எந்தச் சாமிக்கு என்று ஒரு தடவை கேட்டேன். "சொன்னா பலிக்காது" என்றாள். பெண்கள் நேர்ச்சையில் நமக்கென்ன வேலை? நானே சைக்கிளில் வைத்து பஸ் ஸ்டாண்டில் விட்டிருக்கிறேன். அப்புறம் ஸ்கூட்டர். கடைசி வருஷம் மூச்சு வாங்கிற்று, ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கையில் ஒரு கூடை இருக்கும். தேங்காய் பழம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் போனாள். ஞானாபரணத்துக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? மாசி பிறந்து ஒரு கார்டு வருகிறது. 'பிப்ரவரி பதினொன்று போய்விட்டது. தங்கச்சி வரவில்லை. பாட்டிலுக்காகக் கேட்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?' கீழே ஞானாபரணம் என்று கையெழுத்து. ரிசர்வ் அட்டையில் போடுவானே, அதே கையெழுத்து. ஒரு எழுத்து மாறவில்லை.

என் உடம்பில் அன்று நெருப்பைக் கொட்டினதுபோல் இருந்தது, அண்ணாச்சி. முப்பத்தெட்டு வருஷம்! கூடையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, எனக்கு ஆகாதவன் வீட்டுக்கு! நான் வண்டியில் வைத்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்! தங்கச்சியாம். யாருக்கு யார் தங்கச்சி? அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் போனேன். போய்க் கதவைத் தட்டினேன்.

அவனே வந்து திறந்தான். "வாரும்வே பலவேசம். கூட யாரும் வரலையா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன், அவள் செத்து நான்கு மாதமாகிறது என்று. அவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி எஸ்தர், "யாரு வந்திருக்கா?" என்று கேட்கிறாள், இவன் துண்டால் முகத்தைத் துடைக்கிறான். என் பெண்டாட்டிக்கு இவன் அழுகிறான்! நானே அவ்வளவு அழவில்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "எம் பொண்டாட்டி உமக்கு எதுக்குவே பாட்டில் கொண்டாந்து குடுத்தா?"

அவன் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். திறந்தான். உள்ளே சீட்டுகள். காலண்டர் தாள், பால் கணக்கு நோட்டுத் தாள், மருந்துச்சீட்டின் பின்பக்கம். பாட்டில் கழுத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒன்று கட்டிக்கொண்டு வருவாளாம். ஐந்தாம் வகுப்புப் படித்த கையெழுத்து, எனக்குத் தெரியாதா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றை வாசித்தான்.

'பெரியவன் நடக்க ஆரம்பிச்சிட்டான். அவர் இருக்கார்.'

'முட்டு வலின்னு என்னை வையுதார். வையட்டும். இருக்கார்.'

'சண்டை. மூணு நாளாப் பேச்சு இல்லை. ஆனாலும் இருக்கார் அண்ணே.'

டப்பாவை மூடிவிட்டான்.

"மிச்சத்தை வாசியும்" என்றேன்.

"எதுக்கு? எனக்கு வந்தது" என்றான்.

"எம் பொண்டாட்டி எழுத்து வே!"

"இருக்கட்டும். யாருக்கு எழுதுச்சு?"

யோசித்துப் பாருங்கள், அண்ணாச்சி. நாற்பத்துநான்கு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினவள், எனக்கு ஒரு வரி எழுதினது கிடையாது. நான் பட்டாளத்திலிருந்து கடிதம் போட்டால்கூட, பதிலை அவள் தம்பிதான் எழுதுவான். இவனுக்கு முப்பத்தெட்டு! இவன் முப்பத்தெட்டையும் வாசித்திருக்கிறான். நான் மூன்றைக் காதால் கேட்டேன், அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் அவள் என்ன நினைத்தாள் என்று இவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதைவிட ஒருவனுக்கு என்ன அநியாயம் செய்ய முடியும்?

டப்பாவைப் பிடித்து இழுத்தேன். அவனும் விடவில்லை. எஸ்தர் காபியோடு வந்து, "எழுபது வயசுக்கு மேல ஒரு டப்பாவுக்கு மல்லுக்கட்டுதீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள். இரண்டு பேரும் கையை எடுத்தோம். அவன் கொஞ்சம் முன்னதாக டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எடுத்தான்.

அப்போதுதான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அது நீர் மடிச்சதுன்னு அவகிட்ட எப்பம்வே சொன்னீரு?"

"அன்னைக்கே" என்றான்.

அன்று மைதானத்தில் நடந்ததை அவன் சொன்னான். நான் சுற்றிக்கொண்டு விழுந்தபோது கூட்டமே எழுந்து அலறியிருக்கிறது. செண்பகவடிவும் பார்த்திருக்கிறாள். 'ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ' என்று எஸ்தரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு மறுபடி கொடியைப் பார்த்திருக்கிறாள். கண்ணை எடுக்கமாட்டேன் என்று என்னிடம் சொன்னாளே. கொடிக்காரன் மெதுவாக இறங்கியிருக்கிறான். இவள் ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். ஞானாபரணம்.

"அந்த மூஞ்சிய நான் இன்னும் மறக்கலைவே" என்றான். "எனக்கு ஒண்ணும் ஓடலை. கையைக் காட்டினேன். 'அந்தா வெள்ளையா இறங்கிக் கெடக்கு பாரு, அதுல பலவேசம் இருக்கான். பயப்படாத தங்கச்சி, அது நான் மடிச்சது' அப்படின்னேன். ஒத்தச் செருப்பை விட்டுட்டு ஓடுச்சு."

நான் அவளிடம் பொய் சொன்னது அன்று ராத்திரி. அவளுக்கு மத்தியானமே தெரியும்.

நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது உமக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். ஊருக்கு வந்த முதல் வருஷமே செண்பகவடிவு பாட்டிலோடு வந்து சொன்னாளாம். "அண்ணே, அவர் அப்படிச் சொல்லிட்டுப் போகட்டும். அது அவருக்கு வேண்டியிருக்கு. உங்க பாட்டிலை நான் கொண்டாறேன்."

நான் நான்கு பேர் நடுவில் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், அண்ணாச்சி. வெட்கப்படுகிறாள், புருஷன் பெருமையை உட்கார்ந்து கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். கதை முடிகிற நேரத்துக்குச் சரியாகக் காபியோடு வருவாள்.

சரி, அதை விடுங்கள். ஸ்ரீவைகுண்டம் தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

எழுந்து வரும்போது அவன் சொன்னான். "பலவேசம், தங்கச்சி கொண்டாந்தது தங்கச்சியோட பாட்டில். உம்ம பாட்டில் இன்னும் வரலை. நீரே கொண்டாரும். எதுக்குன்னு உம்ம வாயால சொல்லும். டப்பாவைத் தூக்கிக் குடுத்திருதேன்." எப்படிப் பேசுகிறான் பாருங்கள். பிடித்து வைத்துக்கொண்டு பேரம். ஒரு மாதம் வீம்பாக இருந்தேன். ராத்திரி படுத்தால் அந்த முப்பத்தைந்து சீட்டு. எண்பத்தொன்பதில் எனக்கு மஞ்சள்காமாலை, அந்த வருஷம் என்ன எழுதியிருப்பாள்? சின்னவன் வீட்டைவிட்டுப் போன வருஷம்? என்னைப் பற்றி எழுதினதை எவனோ வைத்திருக்கிறான். நேற்று போன் போட்டேன். "நாளைக்கு மத்தியானம் வாரேன், பாட்டிலோட" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டுமா? நீங்கள் ஞானாபரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ம். "இந்தாரும்வே பாட்டில். அன்னைக்கு நீர் மடிச்ச..." இல்லை. "அன்னைக்கு அந்த ரிசர்வ் நல்லா..." நல்லா என்று சொன்னால் தலைக்கு ஏறிவிடும். "குறை சொல்ல முடியாதபடி..." 'உன் கைக்கு' என்று இரண்டு வார்த்தைதான், அண்ணாச்சி. மற்றவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பஞ்சாபிக்காரன் சொன்னான், கூர்க்கா சொன்னான். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. பாட்டிலைக் கையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றால் என்ன? புரிந்துகொள்ளமாட்டானா? மாட்டான். அவன் சொல்லச் சொல்வான்.

அந்தா, தண்ணீர்த் தொட்டி. அதுதான் என் நிறுத்தம். அங்கே நிற்கிறானே, வெள்ளைச் சட்டை, அவன்தான். வெயிலில் வந்து நிற்கிறான். இன்னும் கூன் விழவில்லை அவனுக்கு. கையில் என்ன, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், எனக்குத் தூரத்துப் பார்வை சரியில்லை. டப்பாவா? சதுர டப்பாவா?

பாட்டில் கொடுத்தால் டப்பா என்றுதானே பேச்சு? பாட்டிலை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கே வந்துவிட்டான்! சும்மாவே கொடுக்கப்போகிறான், அண்ணாச்சி. நான் காலைக் கீழே வைத்ததும் நீட்டுவான். 'ஒண்ணும் சொல்ல வேண்டாம்வே, இந்தாரும்' என்பான். அதற்குத்தான் வந்து நிற்கிறான். அதை வாங்கினபிறகு நான் என்ன சொன்னால் என்ன? வாங்கிக்கொண்டு சொன்னதாகத்தான் ஆகும். இடுக்கியும் அவன், கொடியும் அவன், சீட்டும் அவன். இதிலும் அவன் முந்தவா?

கொஞ்சம் நகருங்கள். அந்த ஜன்னல் கண்ணாடியைத் தள்ளுங்கள். இன்னும் தள்ளுங்கள்.

"வே ஞானாபரணம்! ஏ ஞானாபரணம்! நீர் மடிச்ச ரிசர்வுலதான்வே நான் இறங்குனேன்! நான் மடிக்கலை! நீர் மடிச்சது! அதுலதான் நான் இன்னும் இருக்கேன்!"

பார்க்கட்டும், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கட்டும். சொல்லிவிட்டேன். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவன் டப்பாவை நீட்டவே இல்லை அதற்குள். நீங்கள் சாட்சி.

என்ன செய்கிறான் பாருங்கள். காதில் கையை வைக்கிறான். கேட்கவில்லையாம். இறங்கி வந்து சொல்லு என்று கை காட்டுகிறான். கேட்டிருக்கும், அண்ணாச்சி. கண்ணைத் துடைக்கிறானே, கேட்காமலா துடைக்கிறான்? இன்னொரு தடவை சொல்ல வைக்கப் பார்க்கிறான்.

வழி விடுங்கள், இறங்குகிறேன்.